பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஒரு தண்ணீர் சுத்தமா அசுத்தமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "பருப்பு வேகுமா?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, கை கழுவுகிற சாக்கில் ஒரு அத்தையாவது கிணற்றை எட்டிப் பார்த்து இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவாள். சுண்ணாம்புக்கல் பூமி. அரியலூரில் நான் பிறந்த தெருவில் எந்த வீட்டுச் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாலும் உள்ளே வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் போகும், நாலாம் நாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் முடி வைக்கோலாகிவிடும். துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் போட்டது போட்டபடி முழித்துக்கொண்டிருக்கும்.

ஆக, பருப்பு வேகிற தண்ணீர் நல்ல தண்ணீர், வேகாதது உப்புத் தண்ணீர். இந்த ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு நாற்பது வயது வரை குறையில்லாமல் வாழ்ந்தேன். இதை நம்பித்தான் ஒருத்தியை இழந்தேன்.

குன்னம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எனக்கு ஆய்வக உதவியாளர் வேலை. என் கணவர் அதே பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. அதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் படித்தது பிளஸ் டூ, அதுவும் வணிகவியல். வேதியியல் ஆய்வகத்தின் கதவைத் திறந்த முதல் நாள் அந்த வாசனையில் தலை சுற்றி, பிள்ளைகள் எனக்கு விசிறிவிட்டார்கள். ஆசிட் எது தண்ணீர் எது என்று லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். லேபிள் உரிந்த பாட்டில் பக்கம் போகவே மாட்டேன்.

ஆனால் ஒரு வேலை மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. டிஸ்டில்டு வாட்டர் எடுப்பது. பாடப் புத்தகத்தில் வாலை வடிநீர் என்று போட்டிருப்பார்கள், எங்கள் பள்ளியில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. உருண்டைக் குடுவையில் போர் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைக்க வேண்டும். கொதித்து எழும் ஆவி, சாய்த்து வைத்த ஒரு நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் போகும். அதற்குக் கண்டென்சர் என்று பெயர். அதைச் சுற்றி இன்னொரு குழாயில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆவி குளிர்ந்து அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக விழும். ஒரு பாட்டில் நிறைய ஒரு காலைப் பொழுது பிடிக்கும். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து வேறு வேலை சொன்னால், "சொட்டிக்கிட்டு இருக்கு சார்" என்பேன். என்னமோ பிரசவம் பார்ப்பதைப் போல அவர்களும் போய்விடுவார்கள்.

ஒரு வாரம் எடுத்ததும் குடுவையின் அடியில் வெள்ளைப் பாறையே படிந்திருக்கும். இத்தனையையும் நாங்கள் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாலு சொட்டு ஆசிட் விட்டால் சீறிக்கொண்டு கரையும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். என் குணமும் அதுதான் என்று என் மாமியார் சொல்லியிருப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் பேச மாட்டேன். பேசித் தீர்த்துவிடுகிறவர்கள் தேவலாம் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அப்படி ஒரு ஜூன் மாதத்தில் டீச்சர் வந்தாள். நிரந்தர வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனதால், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஊர், முந்திரிக்காட்டு வீடு. அரியலூரில் சித்தப்பா வீட்டில் தங்கி, டவுன் பஸ்ஸில் வந்து போனாள். இருபத்தாறோ இருபத்தேழோ வயது. வாய் நிறைய "டீச்சர், வாங்க, போங்க" என்பேன். மனசுக்குள் அவள் அவள்தான். அவள் என்னை முதல் நாளே அக்கா என்றாள். அந்தப் பள்ளியில் எனக்கு அதுவரை இருந்த பெயர் "லேப் அம்மா".

வந்த அன்றே என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொட்டுவதைப் பார்த்தாள்.

"பொறுமையா எடுக்குறீங்கக்கா. நான் படிச்ச காலேஜ்ல இப்படி யாரும் எடுத்ததில்ல."

"வேற வேலை தெரியாது டீச்சர்."

"இதுதானே எல்லாத்துக்கும் முதல் வேலை," என்றாள். அதற்கு முன் என் வேலையை வேலை என்று யாரும் சொன்னதில்லை. என் கணவர்கூட, "லேபுல என்ன, கழுவிக் கவுக்குறதுதானே," என்றிருப்பார்.

டவுன் பஸ் எட்டரைக்கு வரும், பள்ளி ஒன்பதரைக்கு. நடுவில் உள்ள ஒரு மணி நேரம் எங்களுடையது. சாப்பாட்டு மணியும் எங்களுடையது. அவள் டிபன் பாக்ஸில் எதைத் திறந்தாலும் முந்திரிப்பருப்பு கிடக்கும், உப்புமாவில், புளிச்சோற்றில், தயிர் சோற்றில்கூட. "உங்க வூட்டுல கடுகுக்குப் பதிலா முந்திரி தாளிப்பாங்களா?" என்று கேட்பேன். அவள் சிரித்துக்கொண்டே பாதியை என் பக்கம் தள்ளுவாள். என் வீட்டில் தனியாளுக்குச் சமைத்துச் சமைத்து ருசி மறந்துபோயிருந்தது. அவள் வந்த பிறகு இரண்டு பேருக்கு அளவு போட ஆரம்பித்தேன்.

படிகம் வளர்ப்பதில் அவளுக்கு ஒரு பித்து. உரக்கடையில் மயில்துத்தம் வாங்கி வரச் சொன்னாள். பருத்திக்காட்டுக்காரர்கள் மருந்தடிக்க வாங்குவார்களே, அதுதான். மண்ணும் சாக்கு நாருமாகக் கட்டி கட்டியாக இருந்தது. பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"வடிகட்டுனா கண்ணுக்குத் தெரியற அழுக்கு மட்டும்தான் போகும். அக்கா பண்றாங்களே, காய்ச்சி வடிக்கிறது, அதுல தண்ணி மேல எழுந்து போயிடும், உப்பு கீழ தங்கிடும். இப்ப நாம பண்ணப்போறது அப்படியே தலைகீழ். உப்பு தன் ஆளுங்களா பாத்துச் சேத்துக்கிட்டு வெளிய வந்துரும். அழுக்கு தண்ணிக்குள்ளயே நின்னுடும்."

கொதிக்கும் டிஸ்டில்டு வாட்டரில் கரைகிற வரைக்கும் துத்தத்தைக் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, பீக்கரை ஒரு காகிதத்தால் மூடி வைத்தாள். தானாக ஆற வேண்டும், அசைக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா? முதல் தடவை அவள் வகுப்புக்குப் போன நேரத்தில் பீக்கரைத் தூக்கிப் பச்சைத் தண்ணீர் இருந்த பேசினில் வைத்துவிட்டேன். சீக்கிரம் ஆகட்டுமே என்று. வந்து பார்த்தால் அடியில் நீலச் சீனி மாதிரி பொடிப்பொடியாக விழுந்திருந்தது. கலங்கலான நீலம்.

அவள் திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவசரமா கெளம்புற பஸ் மாதிரிக்கா இது. டிக்கெட் இல்லாதவனும் உள்ள ஏறிட்டான் பாருங்க. மெதுவா ஆறுனாத்தான் ஒவ்வொண்ணும் தன் எடம் பாத்து உக்காரும்."

திரும்பவும் காய்ச்சி, திரும்பவும் கரைத்தோம். அதில் ஒரு நல்ல சின்னப் படிகத்தை எடுத்து, அதைத் தொங்கவிட நூல் தேடினாள். நூலில் கட்டினால் நூல் முழுக்க அப்பிக்கொள்ளுமாம். கற்கண்டுக்கு அது சரி, இதற்கு வழவழப்பாக இருக்க வேண்டுமாம். அவள் முடி சுருட்டை. என் தலையைப் பார்த்தாள். நான் தப்பிப்பதற்குள் வெடுக்கென்று ஒரு முடியைப் பிடுங்கிவிட்டாள். "இந்தப் போர் தண்ணியில இவ்ளோ நீளமா வளத்து வச்சிருக்கீங்களேக்கா!" பிள்ளைகள் கைதட்டினார்கள். என் முடியில் தொங்கிக்கொண்டு அந்தப் படிகம் மூன்று வாரத்தில் கட்டைவிரல் பருமன் ஆனது. அப்படி ஒரு நீலத்தை நான் எந்தப் புடவையிலும் பார்த்ததில்லை. வெயில் காலத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் காய்ந்துபோனால் வெளுத்து உதிர்ந்துவிடும் என்று, சிறுவாச்சூர் கோயில் கடையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் வாங்கி வந்து பூசினோம். அந்தக் கடைக்காரம்மா, "யாருக்கும்மா, பொண்ணுக்கா?" என்று என்னைக் கேட்டாள். நான் டீச்சரைக் காட்டி, "ஆமா, இவளுக்குத்தான்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் மறுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தேங்காய்க் கடைப் பக்கம் நடந்தாள்.

இதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை எங்கள் இருவருக்குள். ஸ்டூல், சொட்டுச் சத்தம், முந்திரிப்பருப்பு, அந்தக் கோயில் தெரு. ஆனால் என் வாழ்க்கையில் எந்த வருஷத்தைத் திரும்பக் கொடுக்கிறோம் என்று கேட்டாலும் அதைத்தான் கேட்பேன்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கிய வாரம். ஸ்டாஃப் ரூமுக்கு டீ கொண்டுபோனபோது ஒரு தமிழ் டீச்சர் என்னிடம், "உங்க கெமிஸ்ட்ரி டீச்சருக்குத் திருச்சிப் பக்கம் பெரிய ஸ்கூல்ல வேலை கெடச்சிருச்சாமே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. டீத்தம்ளர் தட்டோடு அங்கேயே நின்றேன்.

போகிறாள் என்பதைவிட, என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் சுட்டது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நான்தான் கேட்க மாட்டேனே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எட்டரை மணிக்கு அவள் வரும்போது நான் தோட்டத்துப் பக்கம் பக்கெட் கழுவிக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு மணிக்கு, "எனக்கு வயிறு சரியில்ல டீச்சர்," என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவேன். கேட்கிற பொருளை அவள் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டு நகர்வேன்.

"என்னக்கா, என் மேல கோவமா?"

"வேலை கெடக்கு டீச்சர்."

மூன்று நாள் இப்படியே ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் கண்டென்சரைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வகுப்பில் அவள் ஏதோ சொல்லப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாளைக்கு இவள் திருச்சியில் வேறு பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாள், வேறு ஒருத்தியை அக்கா என்பாள் என்று தோன்றியது. கையில் இருந்ததைத் தொட்டி விளிம்பில் ஓங்கி வைத்தேன். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடியிலிருந்து நுனி வரை விரிசல்.

மறுநாள் காலை தேர்வு. டிஸ்டில்டு வாட்டர் ஸ்டாக் இருந்தது அரை பாட்டில். ஐம்பது பிள்ளைகளுக்குக் காணாது. அப்போதே போய், "டீச்சர், உடைச்சிட்டேன்," என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் வழி சொல்லியிருப்பாள். அவளிடம் போய் நிற்க என் ரோஷம் விடவில்லை. உடைந்ததைச் சாக்கில் சுற்றி ஸ்டோர் ரூம் மூலையில் போட்டேன். பஸ் ஸ்டாப் கடையில் ஒரு கேன் தண்ணீர் வாங்கினேன். இந்த வட்டாரத்தில் கேன் தண்ணீர் என்றால் அது நல்ல தண்ணீருக்கும் மேலே. வாயில் ஊற்றிப் பார்த்தேன், இனித்தது. அதோடு நான் சும்மா இருக்கவில்லை. ஒரு சொம்பு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் பருப்புப் போட்டேன். கால் மணியில் பூவாக மலர்ந்துவிட்டது. இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஒவ்வொரு மேஜைக்கும் வாஷ் பாட்டிலில் அந்தத் தண்ணீரை நிரப்பி வைத்தேன். டீச்சர் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "எல்லாம் டிஸ்டில்டுதானேக்கா?" நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆமா," என்றேன். என் வாயால் சொன்ன ஒரு ஆமாவை நம்பி அவள் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கு முன் ஒரு நாள்கூட அவள் அதைச் சோதிக்க வேண்டி வந்ததில்லை.

செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு உப்பைக் கொடுத்து அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து, நைட்ரிக் ஆசிட்டும் சில்வர் நைட்ரேட்டும் விட்டு, தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு என்று எழுத வேண்டும். வேறு பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னலாக ஒரு சார் வந்திருந்தார். ஒரு மணி நேரம் போனதும் விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது, எல்லாரும் குளோரைடுன்னு எழுதியிருக்காங்க? நான் குடுத்ததுல பாதி சல்பேட், நைட்ரேட்டுல்ல?"

ஒரு பையனின் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். தயிரும் இல்லை, மோரும் இல்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். பிள்ளைகள் பாவம், வெள்ளையைப் பார்த்ததும் மனப்பாடம் பண்ணினதை எழுதிவிட்டார்கள். அவர் ஒரு வாஷ் பாட்டிலை எடுத்து, வெறும் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி, ஒரே ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டார். தெளிந்த தண்ணீர் கண் முன்னால் பாலாகக் கலங்கியது.

பருப்பு வெந்த தண்ணீர்தான். நாக்குக்கு இனித்த தண்ணீர்தான். அதற்குள் உப்பு இருந்தது.

தலைமையாசிரியரும் வந்துவிட்டார். "தண்ணி யாரு ரெடி பண்ணது? யாரு பொறுப்பு?" என்றார். நான் சோதனைக் குழாய் ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நிற்கிறேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு நாக்கு எழவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று தெரியாது. எனக்கு அது முடியவே இல்லை.

"நான்தான் சார்," என்றாள். "காலைல செக் பண்ணியிருக்கணும். விட்டுட்டேன்."

அந்த எக்ஸ்டர்னல் சார் நல்ல மனுஷன். பேட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கேன் வரவழைத்து, டீச்சரையே ஒரு சொட்டு விட்டுச் சோதிக்கச் சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் முதலிலிருந்து செய்யவைத்தார். பிள்ளைகளுக்கு மார்க்கில் குறை வரவில்லை. ஆனால் தலைமையாசிரியர் அதை விடவில்லை. ஆண்டு முடிந்ததும், அடுத்த ஜூனில் அவள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எப்படியும் திருச்சிக்குப் போகிறவள்தானே என்று நான் என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மெமோ வரும், வேலை போனாலும் போகும், நான் தனிக்கட்டை, அவளுக்கென்ன, படித்தவள், இளவயசு. எத்தனை நியாயம் வேண்டுமோ அத்தனையும் எனக்குக் கிடைத்தது. கடைசி நாள் அவள் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே சாக்கில் சுற்றிய கண்டென்சர் கிடந்தது. அதை அவள் என்றோ பார்த்துவிட்டாள் என்று அவள் கண் போன இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"போயிட்டு வரேன்க்கா."

"சரிங்க டீச்சர்."

அந்தப் படிகத்தை மட்டும் கேட்டாள். கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். மத்தியான டவுன் பஸ்ஸில் போனாள். ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை.

ஏழு வருஷம் ஆகிறது. இப்போது புதுக் கண்டென்சர் வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் பாட்டில் நிறைந்ததும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்காமல் மூட மாட்டேன். "இவ்ளோ ஜாக்கிரதையா லேப் அம்மா?" என்று இப்போதுள்ள ஆசிரியர் கிண்டல் பண்ணுவார். எதிரே ஸ்டூல் இருக்கிறது, அதில் யாரும் உட்காருவதில்லை, பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைக்கிறார்கள். காலை எட்டரைக்கு டவுன் பஸ் ஹாரன் கேட்டால் இன்னமும் என் கை சற்று நிற்கும். ஆள் இல்லை என்று காதுக்குத் தெரிகிற வரைக்கும் நிற்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செத்துப்போன கணவரைக்கூட நான் இப்படித் தேடியதில்லை.

அவளுடைய பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. போன வருஷம் ஒரு முன்னாள் மாணவி மாற்றுச் சான்றிதழ் நகல் வாங்க வந்தவள், ஜெயங்கொண்டத்தில் டீச்சரைப் பார்த்ததாகச் சொல்லிப் புது நம்பர் கொடுத்தாள். கல்யாணமாகிவிட்டதாம், ஒரு பெண் குழந்தையாம். பிரைவேட் ஸ்கூல் ஒன்றில் வேலை பார்க்கிறாளாம்.

நம்பரை வைத்துக்கொண்டு மூன்று வாரம் சுற்றினேன். முதலில் ஆபீஸில் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் அவளிடம் பேச எனக்கு யோக்கியதை என்று தோன்றியது. தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் புதியவர், இரண்டாவது வருஷம்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உடைத்தது, மறைத்தது, பருப்பு வேகவைத்துப் பார்த்தது, டீச்சர் தன் தலையில் போட்டுக்கொண்டது. பருப்பு வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதெல்லாம் எந்தக் காலத்துக் கதைம்மா. அந்த ஃபைலே இப்ப இருக்காது. போய் வேலையப் பாருங்க."

இத்தனை வருஷம் வயிற்றில் சுமந்ததை இரண்டு நிமிஷத்தில் ஒரு சிரிப்பில் முடித்துவிட்டார். மெமோ கொடுத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். "யாருங்க?" என்று கேட்ட குரல் அப்படியே இருந்தது.

"நான் லேப் அம்மா டீச்சர்."

"அக்கா," என்றாள்.

மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். கண்டென்சரை உடைத்ததையும், ஏன் உடைத்தேன் என்பதையும். "நீங்க திருச்சிக்குப் போறத என்கிட்ட சொல்லலன்னு ஆத்திரம் டீச்சர். அதுல பண்ணிட்டேன். அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். எனக்கு மன்னிப்பு வேணாம். நான்தான்னு உங்க காதுல விழணும், அவ்ளோதான்."

"நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. அத விடுங்க. அந்தத் திருச்சி வேலைய நான் வேணாம்னு சொல்லிட்டேன். பரீட்சைக்கு முந்தின வாரமே."

"ஏன்?"

"ஏன்னா என்ன சொல்றது. அங்க போனா உங்களோட இருக்க முடியாதுன்னுதான். வூட்டுல எல்லாரும் திட்டுனாங்க. அதச் சொல்லலாம்னு மூணு நாளா உங்க பின்னாடியே சுத்துனேன். நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டு பக்கெட் கழுவிக்கிட்டிருந்தீங்க."

நான் பேசவில்லை. இந்தத் தடவை கோபத்தால் அல்ல. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் குரல், "அம்மா, யாரு போன்ல?" என்று கேட்டது. அவள் அதற்குப் பதில் சொல்வாள், என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

"முன்னாடி வேலை பாத்த ஸ்கூல்லேர்ந்து," என்றாள் குழந்தையிடம். பிறகு என்னிடம், "சாப்பாடு கேக்குறா. அப்புறம் கூப்பிடட்டுமாக்கா?" என்றாள்.

"கூப்புடுங்க டீச்சர்," என்றேன்.

எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பதினோரு மணிக்கு போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.